சட்டத்தின் திறவுகோல் யார் கையில்?

சட்டத்தை அறியாமை குற்றத்துக்குச் சமாதானமாகாது என்பது நீதிமன்றங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் விதி. களவு குற்றமென்பது எனக்குத் தெரியாது என்று சொல்லி எவரும் தப்பிவிட முடியாது. இது நியாயமே. ஆயினும் இவ்விதியின் நியாயம் ஒரு நிபந்தனையைச் சார்ந்தே நிற்கின்றது. அறிய விரும்புகின்ற எவரும் சட்டத்தை அறிந்துகொள்ளக்கூடிய நிலை நாட்டில் இருத்தல் வேண்டும். வாடகை வீட்டிலிருந்து எழுப்பப்படுகின்ற ஒரு தொழிலாளி, தன்னை எழுப்புகின்ற சட்டத்தின் வாசகத்தைக் காண்பதற்கே காசு கொடுக்கவேண்டுமாயின், அறியாமைக்கு அவரைப் பொறுப்பாளியாக்கும் அரசு எந்த முகத்தோடு அதனைச் செய்கின்றது?

இக்கேள்வியைச் சட்ட அறிஞரும் தத்துவ ஆசிரியரும் விவாதிப்பது வழக்கம். நாம் அதனை வேறொரு மூலையிலிருந்து அணுக விரும்புகின்றோம். பல்கலைக்கழகச் சட்டபீடம் ஒன்றில் தகவல் தொழில்நுட்பச் சேவைகளுக்குத் தலைமை தாங்குபவரின் மேசையே அந்த மூலை. அவர் பேராசிரியர் அல்லர். பெரும்பாலும் சட்டத்தரணியும் அல்லர். மின்னஞ்சல் தடைப்பட்டால் அவரைத் தேடுவார்கள். பரீட்சையன்று கணினி உறைந்துபோனால் அவர் ஓடிவருவார். விரிவுரைகளைப் பதிவுசெய்வதும், தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டுவதற்கான ஒப்பந்தங்களைப் பரிசீலிப்பதும், மாணவர்களின் கடவுச்சொற்களைக் காப்பதும் அவர் பொறுப்பு. பீடத்தின் கூட்டங்களில் மேசையின் கடைக்கோடியே அவருக்குரிய இடம். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அவருடைய பெயர்கூடப் பலருக்குத் தெரிவதில்லை.

இத்தகைய ஒருவருக்குத் தமது தொழிலைத் திறம்படச் செய்வதைத் தவிர வேறு தார்மீகப் பொறுப்பு உண்டா? இல்லையென்பதே பொதுவான அபிப்பிராயம். கட்டளையிடுபவருக்கே அறப்பொறுப்பு, கருவியை இயக்குபவருக்குத் திறமை இருந்தாற் போதும் என்பர். தொழிலாளரை உற்பத்திச் சாதனத்தின் ஓர் உறுப்பாகக் கருதும் சமுதாயத்துக்கு இவ்வபிப்பிராயம் மிக வாய்ப்பானது. ஆனால் சட்டத்தின் வரலாறு அதனை ஆதரிக்கவில்லை.

பண்டை உரோமாபுரியை எடுத்துக்கொள்வோம். கி.மு. 450 அளவில், பாமர மக்களின் நீண்ட போராட்டத்தின் பயனாகச் சட்டம் பன்னிரு பலகைகளில் எழுதிவைக்கப்பட்டது. சட்டம் எழுத்தில் வந்துவிட்டதனால் அது மக்களுடையதாகிவிட்டதா? இல்லை. வழக்கைத் தொடுப்பதற்கு உச்சரிக்கவேண்டிய வாய்பாடுகளும், நீதிமன்றம் கூடக்கூடிய நாள்கள் எவையென்ற கணக்கும் குருமார் சபையின் இரகசியமாகவே இருந்தன. வாய்பாட்டில் ஒரு சொல் பிசகினாலும் வழக்குத் தோற்றுவிடும். தனது கொடிமுந்திரியை வெட்டியவன்மீது வழக்குத் தொடர்ந்த ஒருவன், 'மரங்கள்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'கொடிமுந்திரி' என்று சொன்னமையால் தோற்றானென உரோமச் சட்ட அறிஞர் கயஸ் எழுதியுள்ளார். நட்டம் உண்மை, சாட்சி உண்மை, சொல் மட்டுமே பிழை.

இந்த இரகசியத்தை வெளியிட்டவர் தத்துவஞானியல்லர், படைத்தலைவருமல்லர். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவரின் மகனான நையஸ் பிளேவியஸ் என்னும் எழுதுவினைஞரே அவர். அப்பியஸ் குளோடியஸ் என்ற பிரபுவிடம் எழுத்துவேலை பார்த்த அவர், வாய்பாடுகளையும் நாட்கணக்கையும் பகிரங்கமாக்கினார். எசமானின் நூலைத் திருடியே அவர் அதனைச் செய்தார் என்பாரும் உளர்; எசமானின் சம்மதத்துடன் செய்தார் என்பாரும் உளர். நன்றியறிந்த மக்கள் கி.மு. 304இல் அவரை உயர்பதவிக்குத் தெரிவுசெய்தபோது, பிரபுக்கள் பலர் தம் பொன்மோதிரங்களைக் கழற்றிவைத்துத் துக்கங்கொண்டாடினரென வரலாற்றாசிரியர் லிவி கூறுகின்றார். எழுத்தையும் ஏட்டையும் பேணுகின்ற சிறு உத்தியோகத்தர் ஒருவர், சட்டத்துக்கும் மக்களுக்கும் இடையிலிருந்த கதவைத் திறக்கவும் கூடும், மூடியே வைத்திருக்கவும் கூடும். இன்று அந்த ஏடு கணினிக்குள் இருக்கின்றது. அந்த எழுதுவினைஞரின் நாற்காலியில் நாம் மேலே கூறிய தொழில்நுட்பத் தலைவர் இருக்கின்றார்.

இனி, ஐக்கிய அமெரிக்காவுக்கு வருவோம். நீதிமன்றத் தீர்ப்புகளின்மீது தனியார் எவருக்கும் பதிப்புரிமை கிடையாதென அந்நாட்டின் உயர்நீதிமன்றம் 1834இலேயே தீர்த்துவிட்டது. 1888இல் மீண்டும் அதனை உறுதிப்படுத்தியது. சட்டம் எல்லோருடையதும், ஏட்டளவில் இதிற் சந்தேகமில்லை. ஆனால் தீர்ப்புகளைத் தொகுத்து, அச்சிட்டு, வகைப்படுத்தி விற்கும் பணி தனியார் கொம்பனிகளிடம் இருந்தது. கணினி வந்தபோது அவையே முந்திக்கொண்டன. 1973இல் லெக்சிஸ், 1975இல் வெஸ்ட்லோ என்னும் தேடற் சேவைகள் தோன்றின. தீர்ப்பின் சொற்களை எவரும் சொந்தங்கொண்டாடவில்லை. அச்சொற்களுக்குச் செல்லும் பாதையே சொத்தாகியது. பொதுக் கிணற்றைச் சுற்றியுள்ள காணியை வாங்கிக்கொண்டு, கிணறு எல்லோருக்கும் பொதுவென்று சொல்வதைப் போன்றது இது.

இக்கொம்பனிகள் செய்யும் வேலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தீர்ப்புக்குத் தலைக்குறிப்பு எழுதுவதும், பின்னைய தீர்ப்பொன்று முன்னையதைத் தள்ளிவிட்டதா என்று பார்த்துச் சொல்வதும் உழைப்பு. உழைப்புக்கு ஊதியம் வேண்டும். ஆனால் தலைக்குறிப்பு எழுதியவரின் கூலியைச் சாட்டாக வைத்து, குறிப்புக்குக் கீழேயுள்ள சட்டத்தையும் வேலிக்குள் அடைப்பது வேறு விடயம். ஜோர்ஜியா மாநிலம் இதனை அரசின் பெயராலேயே செய்தது. தனது அதிகாரபூர்வமான சட்டக்கோவையின் விளக்கக்குறிப்புகளைத் தனியார் கொம்பனியைக் கொண்டு எழுதுவித்து, அவற்றுக்குத் தானே பதிப்புரிமை கோரியது. கோவை முழுவதையும் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட ஒரு பொதுநல அமைப்பின்மீது வழக்கும் தொடுத்தது. 2020இல் உயர்நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. ஐந்து நீதியரசர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். ஒரேயொரு நீதியரசர் மாறி நின்றிருப்பின் நிலைமை எவ்வாறிருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டபீடங்களில் இச்சேவைகள் புகுந்த விதம் தனியே கவனிக்கத்தக்கது. பீடம் மொத்தமாகச் சந்தா கட்டுகின்றது. மாணவர் தேடுந்தோறும் காசு எண்ணவேண்டியதில்லை; மூன்று ஆண்டுகள் விரும்பியபடி தேடுகின்றனர். பயிற்சியும் அளிக்கப்படுகின்றது. பட்டம் பெற்று வெளியேறும் இளஞ் சட்டத்தரணிக்கு வேறு வழியில் சட்டத்தைத் தேடத் தெரியாது. இப்போது அவர் விலை கொடுக்கும் வாடிக்கையாளர். அவ்விலை கட்சிக்காரரின் தலையிலே சுமத்தப்படுகின்றது. பல்கலைக்கழகம் தெரிந்தோ தெரியாமலோ சந்தையொன்றுக்கு ஆள்சேர்க்கும் இடமாகிவிட்டது. இந்த இயந்திரம் பழுதின்றி ஓடவேண்டுமென்பதே தொழில்நுட்பத் தலைவருக்கு இடப்பட்ட பணி. அதனை நன்றாகச் செய்பவரைத் திறமைசாலியென்று எல்லோரும் பாராட்டுவர். திறமை எதற்குப் பயன்பட்டது என்று கேட்பார் இல்லை.

கோர்னெல் பல்கலைக்கழகச் சட்டபீடத்தில் அக்கேள்வி 1992இல் எழுந்தது. முன்னர் பீடாதிபதியாக இருந்த பீற்றர் மார்ட்டினும், அப்பீடத்தின் கணினிப் பணிகளுக்குப் பொறுப்பாயிருந்த தோமஸ் புரூசும் சேர்ந்து சட்டத் தகவல் நிலையம் என்ற அமைப்பைத் தொடங்கினர். உயர்நீதிமன்றத் தீர்ப்புகளையும் நாட்டின் சட்டக்கோவையையும் எவரும் கட்டணமின்றி வாசிக்கத்தக்கதாக இணையத்தில் வைப்பது அதன் நோக்கம். அக்காலத்தில் வலையென்பது பௌதிக ஆய்வாளர் சிலரது விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. வலைப் பக்கங்களைக் காட்டும் மென்பொருள்கள் ஆய்வுகூடங்களின் யுனிக்ஸ் இயந்திரங்களிலேயே பெரும்பாலும் இயங்கின. சட்டத்தரணிகளின் மேசைகளிலோ மைக்ரோசொப்டின் விண்டோஸ் கணினிகள் இருந்தன. ஆகவே சட்டத்தை இலவசமாக வைத்தாலும் வாசிக்க ஆளில்லை. புரூஸ் என்ன செய்தார்? விண்டோஸில் இயங்கும் முதலாவது வலை உலாவியைத் தாமே எழுதினார். 'செல்லோ' என்று பெயரிடப்பட்ட அது 1993இல் வெளிவந்து இலவசமாக வழங்கப்பட்டது.

இச்செயலில் நாம் காணவேண்டியது புத்திசாலித்தனத்தை மட்டுமன்று. பொருளை வைத்துவிட்டேன், எடுக்க முடிந்தவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் நின்றுவிடவில்லை. வாசகரின் கையில் எத்தகைய கருவி உண்டு என்று கேட்டார். உரிமை என்பது சாதனமில்லாதவிடத்து வெறுஞ்சொல் என்ற உண்மையை, பொருளாதாரத்தில் நாம் ஓயாது வற்புறுத்தும் அந்த உண்மையை, அவர் தமது துறையிலே செயலாக்கினார். அன்று சிறு முயற்சியாகத் தொடங்கிய அந்நிலையம் இன்று நன்கொடைகளின் உதவியோடு நடைபெற்று, சட்டத்துறையினர் அல்லாத பெருந்தொகையானோருக்கும் பயன்படுகின்றது.

இம்முன்மாதிரி பரவியது. அவுஸ்திரேலியாவில் சிட்னியிலுள்ள இரு பல்கலைக்கழகங்களின் சட்டபீடங்கள் சேர்ந்து 1995இல் தம் நாட்டுக்கு ஒரு நிலையம் அமைத்தன. பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்குமான நிலையம் 2000இல் பிறந்தது. 2002இல் மொன்றியலில் கூடிய இத்தகைய நிலையங்கள், சட்டத் தகவல் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று பிரகடனம் செய்தன. அவுஸ்திரேலியர் நடத்தும் பொதுநலவாயத் தளத்தில் இலங்கையின் சட்டங்களும் தீர்ப்புகளும்கூட இடம்பெற்றன. அங்கே அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. கதவு திறந்திருந்தும் உள்ளேயுள்ள மொழி புரியாது வாசலில் நிற்கும் நம்மவர் எத்தனை பேர் என்பது தனிக்கட்டுரைக்குரிய பொருள். இங்கு அதனைச் சுட்டிக்காட்டுவதோடு விடுகின்றோம்.

இப்போது ஓர் ஆட்சேபம் எழும். சட்டபீடம் தன் ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பது தன் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பணிசெய்யவே. மாணவர் செலுத்தும் கட்டணத்தில் வெளியாருக்குத் தருமம் செய்ய அவருக்கு என்ன உரிமை உண்டு? புரூஸ் செய்தது நன்று. செய்யாதிருந்திருப்பின் அது தீதாகுமா? கடமைக்கு மேற்பட்ட நற்செயலைக் கடமையென்று கூறலாமா?

இவ்வாட்சேபத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. ஊழியர் ஒருவரிடம் நிறுவனம் செய்யத் தவறியதையெல்லாம் எதிர்பார்ப்பது அநீதியாகும். அதுவும் ஒருவகைச் சுரண்டலே. ஆனால் தருமம் என்ற சொல் இங்கு பொருந்தாது. தீர்ப்பெழுதும் நீதிபதிக்குச் சம்பளம் கொடுப்பவர் மக்கள். சட்டமியற்றும் சபையின் செலவும் அவர்களுடையதே. சட்டபீடம் ஆராய்வதும் கற்பிப்பதும் இவ்வாறு மக்களின் செலவில் உண்டான பொருளையே. அதனை அவர்களிடம் திரும்பச் சேர்ப்பது கடன் தீர்ப்பதாகுமேயன்றிக் கொடையாகாது. மருத்துவபீடம் வைத்தியசாலை நடத்துவதை வெளியாருக்குச் செய்யும் தருமமென்று எவரும் சொல்வதில்லை. அப்பீடத்தின் இயல்பே அதுவென்று கொள்கின்றோம். எனவே கடமை முதலிற் பீடத்தினுடையது. தொழில்நுட்பத் தலைவருடையது அதனை நினைவூட்டுவதும், வழி உண்டென்று செய்துகாட்டுவதுமாகும். இது தொழில்நுட்பத்தால் முடியாது என்ற சொல்லை அதிகாரத்திலுள்ளோர் எப்போதும் கேடயமாகப் பிடிப்பர். அது முடியும் என்று அறிந்தவர் வாய்மூடி இருப்பாராயின், அவ்வாய்மூடலுக்கு அவரே பொறுப்பாளி.

செய்துகாட்டுதலுக்கு இன்னோர் உதாரணமும் உண்டு. அமெரிக்கச் சமஷ்டி நீதிமன்றங்கள் தம் வழக்கேடுகளை இணையத்தில் வைத்துப் பக்கத்துக்கு 10 சதம் வீதம் அறவிடுகின்றன. ஓர் ஆவணத்துக்குக் கூடியது 3 டொலர். தீர்ப்புரைக்குக் கட்டணமில்லை, ஆனால் மனுவும் வாதமும் சாட்சியமும் இன்றித் தீர்ப்புரையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2008இல் 17 நூலகங்களில் இலவசமாக அனுமதிக்கப்பட்ட பரீட்சார்த்த ஏற்பாட்டைப் பயன்படுத்தி ஆரன் சுவாட்ஸ் என்ற இளைஞர் ஏறத்தாழ 2 கோடி பக்கங்களை இறக்கிக்கொண்டார். நீதிமன்றங்கள் உடனே அந்த ஏற்பாட்டையே நிறுத்தின. பொலிஸ் விசாரணையும் நடந்தது, குற்றமெதுவும் சாட்டப்படவில்லை. அடுத்த ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையமொன்று அமைதியான வழியைக் கண்டது. ஒருவர் காசு கொடுத்து வாங்கும் ஆவணத்தின் பிரதியொன்று தானாகவே பொதுக் களஞ்சியத்திற் சேரத்தக்கதாக, உலாவியுடன் இணையும் சிறு மென்பொருளை அது வெளியிட்டது. ஒருவர் வாங்கியதை மற்றவர் மீண்டும் வாங்கவேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் தத்துவமே இது. பின்னர், அறவிட்ட கட்டணத்தின் ஒரு பகுதியை நீதிமன்ற நிர்வாகம் சட்டம் அனுமதிக்காத செலவுகளுக்குப் பயன்படுத்தியதென நீதிமன்றங்களே தீர்ப்பளித்தன. 12 கோடி 50 இலட்சம் டொலருக்கு இணக்கம் காணப்பட்டு, 2024இல் அது அங்கீகரிக்கப்பட்டது. சட்டத்தின் வீட்டுக்குள்ளேயே சட்டத்துக்குப் புறம்பாகக் கட்டணம் வாங்கப்பட்டிருக்கின்றது.

ஹாவாட் சட்டபீட நூலகத்தின் அனுபவம் சற்றுச் சிக்கலானது. அங்கிருந்த ஏறத்தாழ 40,000 தீர்ப்பறிக்கைத் தொகுதிகளின் முதுகுகளை இயந்திரத்தால் வெட்டி, 4 கோடி பக்கங்களை ஒளிப்பிரதி செய்து, 67 இலட்சம் வழக்குகளை 2018இல் இணையத்தில் வைத்தனர். வெட்டப்பட்ட நூல்கள் காற்றுப்புகாத உறைகளில் அடைக்கப்பட்டுக் கென்டக்கியிலுள்ள ஒரு சுண்ணாம்புக்கற் சுரங்கத்தில் வைக்கப்பட்டன. ஆனால் இதற்கான பணத்தை ஒரு தனியார் கொம்பனியிடமிருந்து பெற்றனர். பதிலுக்கு, பெரும்பாலான மாநிலங்களின் தீர்ப்புகளைச் சாதாரண வாசகர் நாளொன்றுக்கு 500 மட்டுமே முழுமையாக எடுக்கலாமென்றும், எட்டு ஆண்டுகள் வரை வணிக நோக்கில் மொத்தமாகப் பயன்படுத்தலாகாதென்றும் ஒப்பந்தம். இடையில், 2017இல், அக்கொம்பனியை லெக்சிஸ் நிறுவனமே வாங்கிக்கொண்டது! 2024இல் தடைகள் நீங்கி எல்லாம் பொதுவாயின.

இந்தப் பேரம் சரியா? தூய்மைவாதிகள் சிலர், முதலாளியின் காசைத் தொட்டதே பிழையென்பர். நமக்கு அது உடன்பாடன்று. ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி எழுதப்பட்டிருந்தது; அதுவே எல்லாவற்றையும் காப்பாற்றியது. கொம்பனி கைமாறியபோதும் தேதி மாறவில்லை. ஒப்பந்த வரைவு மேசைக்கு வரும்போது அத்தகைய ஒரு வரியைச் சேர்க்கும்படி பிடிவாதம் பிடிப்பது, ஆயிரம் முழக்கங்களிலும் பெரிய காரியம். நம்மிடையே முழக்கமிடுவோர் பலர். ஒப்பந்தத்தை ஈற்றுவரி மட்டும் வாசிப்போர் சிலரே.

பாதை மூடியிருப்பதன் விலையை அண்மைக்காலச் சம்பவமொன்று காட்டுகின்றது. 2023இல் நியூயோர்க்கிலுள்ள சமஷ்டி நீதிமன்றமொன்றில் சட்டத்தரணிகள் இருவர், செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கற்பனையாக உண்டாக்கிக்கொடுத்த, உலகில் இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டி அகப்பட்டனர். 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. உலகமெங்கும் அவர்களைப் பார்த்துச் சிரித்தனர். விசாரணையில் வெளிவந்த ஒரு சிறு விடயத்தைக் கவனித்தோர் குறைவு. அவர்களது நிறுவனம் சந்தா கட்டியிருந்த தேடற் சேவையிலே சமஷ்டி நீதிமன்றத் தீர்ப்புகள் போதியளவு கிடைக்கவில்லை. உண்மையான நூலகத்தின் கதவு ஒடுங்கியிருந்தது. பொய் நூலகத்தின் கதவோ அகலத் திறந்திருந்தது. அவர்கள் செய்ததை இது நியாயப்படுத்தாது. வந்த எச்சரிக்கைகளுக்குப் பிறகும் பொய்யைத் தாங்கிப் பிடித்தது அவர்கள் குற்றமே. எனினும், பொய் இலவசமாகவும் சட்டம் விலைக்குமாக விற்கப்படும் சந்தையில் ஏழைக் கட்சிக்காரருக்கு எது கிடைக்கும் என்பதை நாம் யோசிக்கவேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமான ஒரு பிரச்சினை இருக்கின்றது. நமது தரப்பினர் அதனைப் பேசத் தயங்குவதுண்டு. திறத்தல் எப்போதும் ஏழைக்கு நன்மையா? தீர்ப்பில் சட்டம் மட்டுமா இருக்கின்றது? வாடகை கொடுக்க முடியாதவரின் பெயர், கணவனால் அடிக்கப்பட்ட பெண்ணின் கதை, அகதி தன் நாட்டில் பட்ட துன்பம், வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் நோய், யாவும் அதிலே இருக்கின்றன. தடித்த தொகுதிகளுக்குள் கிடந்தவரை இவை ஒருவகையில் மறைந்திருந்தன. தேடுபொறியில் ஒரு பெயரைத் தட்டியவுடன் மேலெழுந்து வருமாயின், வேலைகொடுப்போனும் வீட்டுச் சொந்தக்காரனும் அதனை முதலிற் படிப்பர்.

கனடாவில் இது நடந்தேவிட்டது. அந்நாட்டின் இலவசச் சட்டத் தளம், வெளித் தேடுபொறிகள் தன் தீர்ப்புகளைப் பெயர்வழி அட்டவணைப்படுத்தாதவாறு தடுத்துவைத்திருந்தது. ருமேனியாவிலிருந்து இயங்கிய ஒரு தளம் அத்தீர்ப்புகளைப் பிரதிசெய்து தேடுபொறிகளுக்குத் திறந்துவிட்டது. பின் தம் பெயரை நீக்கும்படி கெஞ்சியவர்களிடம் காசு கேட்டது. 2017இல் கனடாவின் சமஷ்டி நீதிமன்றம் இது சட்டவிரோதமெனத் தீர்த்தது. திறந்த சட்டம் என்ற நமது கோரிக்கையே வழிப்பறிக்காரனின் கையிலும் ஆயுதமாகியது.

ஆகவே சட்டத்தைத் திறப்பதும் மனிதரைத் திறந்துபோடுவதும் ஒன்றல்ல. அரசின் சொல் மறைக்கப்படலாகாது. வறியவரின் வாழ்க்கை விற்பனைக்கு வைக்கப்படலாகாது. சட்டபீடத்தின் உள்ளேயும் இதே வேறுபாடு வேண்டும். பரீட்சை எழுதும் மாணவரின் முகத்தையும் அறையையும் படம்பிடித்துக் கண்காணிக்கும் மென்பொருள்கள் 2020இன் பெருந்தொற்றுக்காலத்தில் வேகமாகப் பரவின. சட்டத்தை அடைத்துவைத்து மாணவரைத் திறந்துவைக்கும் நிறுவனம் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கின்றது.

கனேடியத் தளம் பயன்படுத்திய தடுப்பு மிக எளிமையான ஒன்று. தேடுபொறிகள் எந்தப் பகுதிக்குள் நுழையலாகாது என்று அறிவிக்கும் சில வரிகள் கொண்ட சிறு கோப்பு. தளத்தைப் பேணும் ஒருவர் சில நிமிடங்களில் எழுதிவிடலாம். சிட்னித் தளமும் தன் தீர்ப்புகளுக்கு அதே தடுப்பை இட்டிருக்கின்றது. அவ்வரிகளை எழுதினால் ஆராய்ச்சியாளருக்கும் பாமர வாசகருக்கும் தேடுதல் சிறிது கடினமாகும். எழுதாவிட்டால் பெயர்கள் சந்தைக்கு வரும். இத்தகைய முடிவைச் சட்டபீடங்கள் தம் ஆசிரியரும் மாணவரும் கூடிய சபையிலே விவாதித்து எடுக்கின்றனவா, அன்றிக் கடைக்கோடி நாற்காலியில் இருப்பவர் ஒரு மாலைநேரத்தில் தனியே எடுக்கும்படி விட்டுவிடுகின்றனவா?